கொட்டியாரக் குடாவிலிருந்து ஒரு சாட்சியம்

1660ஆம் ஆண்டு மூதூரை அண்டிய கொட்டியாரக் குடாவில் 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் நங்கூரமிட்டிருந்தது. புயலில் முறிந்த பாய்மரத்தைச் சீர்செய்யவே அது அங்கு வந்திருந்தது. கரையிறங்கிய கப்டனையும் அவரது மகன் றொபர்ட் நொக்ஸையும் மாலுமிகள் சிலரையும் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் சிறைப்பிடித்தனர். தந்தை மறு ஆண்டே காய்ச்சலில் மாண்டார். மகன் பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1679இல், தோழர் ஒருவருடன் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பிச் சென்றார். இலங்கை பற்றி அவர் எழுதிய நூல் 1681இல் இலண்டனில் வெளியாயிற்று.

அந்நூல் அரசியல் தத்துவத்திலும் இடம்பிடித்தது என்பதை நம்மில் பலர் அறியார். ஜோன் லொக்கின் அரசாங்கம் பற்றிய இரண்டு ஆய்வுரைகள் 1689இன் இறுதியில் வெளிவந்தன. இரண்டாவது ஆய்வுரையின் 92ஆம் பந்தியில், வரம்பற்ற அதிகாரம் மனிதனின் குறைகளைப் போக்கிவிடும் என நம்புவோரை அவர் மறுக்கிறார். அத்தகைய ஆட்சி முற்றி விளைந்த இடத்தில் குடிகளுக்குக் கிட்டும் பாதுகாப்பு எத்தகையது என்பதற்கு, அண்மையில் வெளிவந்த இலங்கை வரலாற்றையே சான்று காட்டுகிறார்.

இதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்னரே, 1377இல், இப்னு கல்தூன் தமது முகத்திமாவில் ஆள்வோரை எச்சரித்திருந்தார். குடிகளின் உடைமையும் உழைப்பும் பறிக்கப்பட்டால் உழைக்கும் ஊக்கம் குன்றும், ஊர்கள் வெறிச்சோடும், ஈற்றில் அரசே சரியும் என்பது அவரது வாதம். மொரோக்கோவின் ஃபெஸ் நகரில் சிறையிருந்த அனுபவம் அவருக்கும் உண்டு.

ஆனால், அடிமைப்பட்டவன் எப்போதும் நீதியின் பக்கமே நிற்பான் என்பதற்கில்லை. விடுதலை பெற்ற நொக்ஸ் பின்னர் அடிமைகளை வாங்க மடகஸ்காருக்குக் கப்பல் செலுத்தினார். அடிமை வாணிபம் செய்த றோயல் ஆபிரிக்கக் கம்பனியில் லொக்குக்குப் பங்கு இருந்தது. கண்டி மன்னனின் கொடுமையைக் கண்ட கண்கள் தம்மவர் கொடுமையைக் காணவில்லை. எனவே பிறர் எழுதிய சாட்சியத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது.

அதே மூதூரிலிருந்து 2006 ஆகஸ்ட்டில், போரின் நடுவே, முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் கந்தளாய்க்கு இடம்பெயர்ந்தனர். அந்த நாட்களை அனுபவித்தோர் நம்மிடையே இருக்கின்றனர். நொக்ஸ் எழுதி வைத்ததனால்தான் லொக்கால் அதை எடுத்துக்காட்ட முடிந்தது. மூதூர் மக்களின் நினைவுகளும் அவர்கள் இருக்கும்போதே எழுதப்பட வேண்டும். நாளை ஆள்வோருக்கு அறிவுரை சொல்ல வருபவர் அவற்றையும் படிக்கட்டும்.