தோண்டுவதற்கு முன் யார் நடந்து பார்ப்பது?

தொல்பொருள் என்ற சொல்லைக் கேட்டாலே நம்மில் பலருக்கு அடிவயிறு கலங்குகிறது. காரணம் இல்லாமல் இல்லை. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென்று ஜனாதிபதி செயலணி ஒன்று நியமிக்கப்பட்டது. தமிழ் பேசும் மக்கள் பெரும்பான்மையாக வாழும் மாகாணம். நியமிக்கப்பட்டபோது அந்தப் பட்டியலில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. தலைவர் பாதுகாப்புச் செயலாளர். அதற்குப் பிறகு திணைக்களத்தார் ஓர் எல்லைக்கல் நட்டாலே "காணி போச்சு" என்றுதான் நம் ஆட்கள் பேசுகிறார்கள்.

ஆனால் அதே சட்டத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. அதைப் பார்க்க எப்பாவலவுக்குப் போக வேண்டும்.

அனுராதபுர மாவட்டத்தில் இருக்கும் எப்பாவலவில் 1971 இல் பொஸ்பேற் படிவு கண்டுபிடிக்கப்பட்டது. 1990களின் பிற்பகுதியில் ஃப்ரீபோர்ட் மக்மோரன் என்ற அமெரிக்க நிறுவனம் உள்ளிட்ட கூட்டு ஒன்றுக்கு, 30 வருட ஒப்பந்தத்தில் அதைக் கொடுக்க அரசாங்கம் தயாரானது. ஆய்வுக்கென்று குறித்த நிலம் மட்டும் 56 சதுர கிலோமீற்றர். அதற்குள் வீடுகள், வயல்கள், பாடசாலைகள், விகாரைகள். எல்லாவற்றுக்கும் மேலாக ஜய கங்கை. ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேன மன்னன் கலாவெவவிலிருந்து அனுராதபுரத்து திசாவெவவுக்குத் தண்ணீர் கொண்டுபோக வெட்டிய 87 கிலோமீற்றர் கால்வாய். அதன் முதல் 17 மைல் தூரத்தில் மைலுக்கு ஆறு அங்குலம்தான் சரிவு. கருவிகள் நிறைந்த இந்தக் காலத்திலும் அப்படியொரு சரிவை எடுப்பது சும்மா காரியமல்ல. அதைவிடப் பெரிய விஷயம், அது நூதனசாலைப் பொருளல்ல. இன்றும் அதில் தண்ணீர் ஓடுகிறது, விவசாயி அதை நம்பித்தான் விதைக்கிறான்.

அந்த ஊர் விவசாயிகளும் விகாராதிபதி ஒருவரும் 1999 இல் உயர் நீதிமன்றம் போனார்கள். 2000 ஜூன் 2 ஆம் திகதி நீதியரசர் ஏ.ஆர்.பி. அமரசிங்க தீர்ப்பு எழுதினார். படிவைப் பற்றி முழுமையான ஆய்வு நடந்து அது பகிரங்கமாக்கப்பட வேண்டும், சட்டப்படியான சுற்றாடல் அனுமதி எடுக்கப்பட வேண்டும், அதுவரை ஒப்பந்தம் கூடாது. ஹேக் சர்வதேச நீதிமன்றத்தில் நமது சி.ஜி. வீரமந்திரி 1997 இல் இலங்கைக் குளங்களைப் பற்றி எழுதிய தனித் தீர்ப்புரையையும் அந்தத் தீர்ப்பு எடுத்துக்கொண்டது. கூட்டு முயற்சி நடக்கவில்லை. அரச நிறுவனம் சிறிய அளவில் அங்கே இன்றும் பொஸ்பேற் எடுக்கிறது. கால்வாயும் ஓடுகிறது.

இதே காலத்தில்தான் சட்டமும் மாறியது. 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச்சட்டத்துக்கு 1998 இல் வந்த 24 ஆம் இலக்கத் திருத்தம், அபிவிருத்தி வேலைக்கு முன் தொல்பொருள் தாக்க மதிப்பீடு வேண்டும் என்றது. 2000 ஒக்டோபரில் வர்த்தமானி வந்தது. 0.25 ஹெக்டேயருக்கு மேற்பட்ட காணி என்றால் பார்க்க வேண்டும். வெள்ளவத்தைக் கணக்கில் சொன்னால் ஏறக்குறைய 99 பேர்ச்!

மதிப்பீடு என்பது பெரிய மந்திரமல்ல. நிலத்தைக் கோடு கோடாக நடந்து பார்ப்பார்கள். ஓட்டுத் துண்டு, செங்கல், பழைய கிணறு, கல்லறை எல்லாம் குறிப்பார்கள். சந்தேகமான இடத்தில் சிறு குழி வெட்டுவார்கள். செலவு திட்டக்காரருடையது. எங்களுக்கு உறுத்துவது அந்த இடம்தான். காசு கொடுப்பவர் அவசரப்படுத்தினால் நடை குறுகும்.

இப்போது மன்னாருக்கு வாருங்கள். தீவின் கனிய மணலுக்காக ஆஸ்திரேலிய நிறுவனமொன்று துளையிட்டுப் பார்த்தது. 2025 இல் காற்றாலைகளுக்கும் மணல் அகழ்வுக்கும் எதிராக மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். நிலத்தடி நீர், கடல் உட்புகுதல் பற்றி நிறையப் பேசினார்கள், நியாயம். மண்ணுக்குள் இருக்கும் வரலாற்றைப் பற்றிய பேச்சுத்தான் குறைவு.

தீவுக்கு எதிரே பெருநிலத்தில் மாந்தை. 1980களில் ஜோன் கார்ஸ்வெல் அங்கே அகழ்ந்தபோது சீனப் பீங்கானும் பாரசீக வளைகுடா மட்பாண்டமும் ஒரே மண்ணில் கிடைத்தன. யுத்தம் வந்து வேலை நின்றது. 2009, 2010 இல் மறுபடி தோண்டியபோது கரிந்த மிளகு, ஒரேயொரு கராம்பு. அந்தக் கராம்புக்கு ஆயிரம் வருட வயது. அது விளையும் இடமோ இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகள். நம் மூதாதையர் கப்பலேறி வந்த கதையை மேடையில் முழங்குவதற்கு ஆட்கள் உண்டு. கைக்குள் அடங்கும் அந்தக் கராம்பைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லை.

கனிய மணல் எடுப்பவர்கள் மணலைத் திரும்பக் கொட்டுவார்கள்தான். ஆனால் எந்த ஓடு எந்தப் படையில் கிடந்தது என்ற கணக்கு ஒருமுறை கலைந்தால் திரும்பாது. படை போனால் காலம் போகிறது. பிறகு அது வெறும் ஓடு.

இன்னொரு சிக்கல். சட்டம் "பழையது" என்பதற்கு வைத்த கோடு 1815 மார்ச் 2, கண்டி ஒப்பந்த நாள். அதற்குப் பிந்தைய பள்ளிவாசலோ மையவாடியோ தனியாக அறிவிக்கப்படாவிட்டால் கணக்கில் வராமல் போகலாம். 1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் பலர் கட்டிய துணியோடு போனார்கள். திரும்பியவர்களில் உறுதி கைவசம் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். எந்த மணல்மேட்டடியில் யாருடைய கபுர் இருக்கிறது என்பது முதியவர்களின் வாயில்தான் இருக்கிறது.

ஆகவே மன்னாரில் உறவுள்ளவர்களிடம் எங்கள் வேண்டுகோள் இது. உங்கள் ஊர்ப் பழைய கிணறுகள், மையவாடிகள், கோயில், தேவாலய இடங்களைப் பெரியவர்களிடம் கேட்டு, திகதி போட்டு, படத்தோடு எழுதி வையுங்கள். மதிப்பீட்டு அறிக்கை வந்தால் யார் நடந்தார்கள், எத்தனை நாள் நடந்தார்கள், உங்கள் பட்டியலில் உள்ளவை அதில் இருக்கின்றனவா என்று எழுத்தில் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016 இலிருந்து இருக்கிறது. விண்ணப்பம் தமிழிலேயே கொடுக்கலாம்.