நெடுந்தூர மிதிவண்டிப் பயணமும் கேமரா லென்ஸும்: ஒரு வரலாறு

மிதிவண்டியில் நாடு கடந்து செல்பவர் எந்தக் கேமராவை, எந்த லென்ஸை எடுத்துச் செல்வது என்பது இன்று பயணிகள் அடிக்கடி விவாதிக்கும் கேள்வி. இக்கேள்விக்கு 130 ஆண்டுக்கும் மேலான வரலாறு உண்டு. லென்ஸின் தரம் மட்டும் இதற்கு விடை சொல்லிவிடவில்லை. எடை, குலுக்கல், தூசி, உணவுப் பைக்கு வேண்டிய இடம் ஆகியவையே பெரும்பாலும் முடிவு செய்தன. அந்த முடிவைப் பொறுத்தே எந்தக் காட்சிகள் படமாகிப் பின்வந்தவர்களுக்குக் கிடைத்தன, எவை கிடைக்காமற்போயின என்பதும் அமைந்தது.

கண்ணாடித் தகடுகளின் காலம்

உயரச் சக்கர மிதிவண்டியில் உலகைச் சுற்றிய முதல் மனிதராக அறியப்படுபவர் தாமஸ் ஸ்டீவன்ஸ். 1884 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து புறப்பட்டு, அதே ஆண்டு ஆகஸ்டில் பாஸ்டனை அடைந்தார். பின்னர் ஐரோப்பா, துருக்கி, பாரசீகம், இந்தியா, சீனா வழியாகச் சென்று 1886 டிசம்பரில் யோகோகாமாவில் பயணத்தை முடித்தார். அவருடைய பயணநூலை அழகுபடுத்துபவை ஓவியர்கள் வரைந்த படங்கள். அந்நாளைய புகைப்படக் கருவியை நினைத்துப் பார்த்தால் இதன் காரணம் விளங்கும். படங்கள் கண்ணாடித் தகடுகளில் பதிவாயின. நாலே முக்கால் அங்குலத்துக்கு ஆறரை அங்குலம் அளவுள்ள தகடு ஒன்றின் எடை ஏறத்தாழ 70 கிராம். நூறு படம் எடுக்க விரும்புபவர் கண்ணாடியை மட்டுமே ஏழு கிலோ சுமக்க வேண்டும். பெட்டியும் முக்காலியும் லென்ஸும் அதற்கு மேல். கெட்டி ரப்பர் சக்கரத்தில், கல்லும் குழியுமான பாதையில், அந்தக் கண்ணாடி எத்தனை நாள் உடையாமல் இருக்கும் என்பதை ஊகிக்கச் சிரமமில்லை.

ஒரே லென்ஸ், ஒரே துளை

1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் கோடாக் கேமராவை 25 டாலர் விலைக்கு வெளியிட்டார். கையில் அடங்கும் பெட்டி. எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. உள்ளே நூறு படங்களுக்கான சுருள் இருந்தது. மறு ஆண்டு காகிதச் சுருளுக்குப் பதிலாகச் செல்லுலாய்டு சுருள் வந்தது. கண்ணாடி போயிற்று என்பதே மிதிவண்டிப் பயணிக்குப் பெரிய விடுதலை.

இந்தக் கேமராவில் லென்ஸைத் தேர்ந்தெடுக்க வழியே இல்லை. குவியத்தூரம் 57 மில்லிமீட்டர், துளை எஃப்/9. இரண்டையும் மாற்ற முடியாது. குவியமும் நிலையானது என்பதால் சில அடிக்கு அப்பால் உள்ளவை எல்லாம் ஓரளவு தெளிவாகவே விழும். காட்சியைப் பார்த்துக் குறிவைக்கக் கண்ணாடிச் சில்லு எதுவும் கிடையாது. பெட்டியின் மேற்புறத்தில் கீறப்பட்ட 'வி' வடிவக் கோடுகளை வைத்துத் திசையைக் கணிக்க வேண்டும். படம் சதுரமாக விழாமல், இரண்டரை அங்குல விட்டமுள்ள வட்டமாக விழுந்தது. லென்ஸின் ஓரங்களில் படம் மங்கும் குறையை வட்டம் மறைத்தது. பெட்டியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தாலும் பெரிய பாதகம் தெரியாது.

இன்றைய 35 மி.மீ. சுருளின் அளவுக்கு மாற்றிக் கணக்கிட்டால், அந்த லென்ஸ் ஏறக்குறைய 38 மி.மீ. லென்ஸுக்கு ஒப்பாகும். இக்காலப் பயணிகள் பலர் 'ஒன்றே ஒன்று போதும் என்றால்' எடுத்துச் செல்லும் 35 மி.மீ. லென்ஸுக்கு இது மிக அருகில் இருக்கிறது. ஈஸ்ட்மன் மிதிவண்டிக்காரர்களை நினைத்து இதைச் செய்யவில்லை. வெயிலில் நிற்கும் குடும்பத்தைப் பழக்கமில்லாதவரும் படமெடுக்க வேண்டும் என்பதே நோக்கம். ஆயினும் திருகுவதற்கு எதுவும் இல்லாத கருவி, வண்டியை நிறுத்தி இறங்கி அரை நிமிடத்தில் படமெடுத்துவிட்டுப் போக வேண்டியவருக்கு நன்றாகவே பொருந்திற்று.

சுய்துன் நகரில் விற்கப்பட்ட கேமரா

இவ்வரலாற்றில் மிகவும் பயனுள்ள செய்தி தாமஸ் கேஸ்கெல் ஆலன், வில்லியம் லூயிஸ் சாக்டில்பென் ஆகிய இரு அமெரிக்க இளைஞர்களின் பயணத்தில் கிடைக்கிறது. செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்ற மறுநாளே ஊரைவிட்டுப் புறப்பட்ட இவர்கள், 1890 ஜூனில் நியூயார்க்கில் கப்பலேறினர். இங்கிலாந்திலிருந்து மிதிவண்டியில் ஐரோப்பாவைக் கடந்து, 1891 ஏப்ரலில் கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து ஆசியாவுக்குள் நுழைந்தனர். துருக்கி, பாரசீகம், ரஷ்யத் துருக்கிஸ்தானம், கோபிப் பாலைவனம் வழியாக 1892 நவம்பரில் பீக்கிங்கை அடைந்தனர். மொத்தத்தில் சக்கரத்தின் மீது அவர்கள் சென்ற தூரம் 15,044 மைல், அதாவது 24,000 கிலோமீட்டருக்கும் சற்று மேல். வழியில் எடுத்த படங்கள் சுமார் 2,500.

கேமராக்களை இருவரும் எப்போதும் முதுகிலேயே சுமந்தார்கள். வண்டியின் சட்டத்துக்குள் பொருந்தும் தோல் பைகளைத் தாங்களே வடிவமைத்து உரிமம் பெற்றிருந்தும், கேமராவை அதில் வைக்கவில்லை. இதில் அனுபவ அறிவு இருக்கிறது. சட்டத்தில் கட்டிய பொருளுக்குச் சாலையின் ஒவ்வோர் அடியும் நேராகப் போய்ச் சேரும். முதுகில் இருப்பதற்கு முன் அந்த அடியை வாங்கிக்கொள்ள முழங்காலும் இடுப்பும் இருக்கின்றன. காற்றடைத்த டயரும் சுருள்வில்லும் செய்ய வேண்டிய வேலையை மனித உடல் செய்தது.

படச்சுருளை மாற்ற இருட்டறை வேண்டும். பாரசீகக் கிராமத்துச் சத்திரத்தில் இருட்டறைக்கு எங்கே போவது? இரவில் படுக்கைத் துணிக்குள் கேமராவை வைத்துக்கொண்டு, தடவித் தடவியே சுருளை மாற்றினார்கள்.

1892இல் சீன எல்லையைத் தாண்டி இலிப் பள்ளத்தாக்கை அடைந்தபோது, கோபிக்குள் போவதற்கான ஆயத்தம் தொடங்கியது. உண்மையில் அது கழித்துக் கட்டும் வேலை. ஹாண்டில்பாரையும் இருக்கைத் தண்டையும் வெட்டிக் குட்டையாக்கினர். தோல் பைகளை எடுத்துவிட்டு, கம்பளிச் சால்வையிலும் எண்ணெய்த் துணியிலும் தைத்த உறங்குபைகளை வைத்துக்கொண்டனர். சட்டையிலிருந்த மிகைப் பொத்தான்கள் கூட வெட்டப்பட்டன. தலையும் முகமும் மழிக்கப்பட்டன. அந்த வரிசையில் ஒரு கேமராவும் போயிற்று. சுய்துன் நகரிலிருந்த ஒரு சீனப் புகைப்படக்காரருக்கு அதை விற்றார்கள். கிடைத்த இடத்தில் கூடுதலாக ஓர் உணவுப் பை ஏறியது. மிச்சப் படச்சுருள்கள் சைபீரியா வழியாக அஞ்சலில் பீக்கிங்குக்கு அனுப்பப்பட்டன.

மத்திய ஆசியாவின் ஓர் எல்லைப்புற ஊரில், 1892இலேயே, கேமராவை விலைக்கு வாங்கும் சீனத் தொழிலாளர் ஒருவர் இருந்தார் என்பது தனியே கவனிக்க வேண்டிய செய்தி. ஐரோப்பியப் பயணநூல்கள் இப்படிப்பட்ட உள்ளூர்க்காரர்களை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. இங்கும் அவர் பெயர் சொல்லப்படவில்லை.

பொத்தான் வரை எடை பார்த்தவர்கள் இரண்டாவது கேமராவையும் ஏன் கைவிடவில்லை? இருவரும் அரராத் மலையின் உச்சியில் அமெரிக்க விடுதலை நாளைக் கொண்டாடித் துப்பாக்கி வெடித்த காட்சியைப் படமாக்கி வைத்திருந்தவர்கள். படம் இல்லாவிட்டால் சொல்வதை ஊர் நம்பாது என்று அறிந்திருந்தார்கள். ஒரே வகை லென்ஸுள்ள இரண்டு பெட்டிகளில் ஒன்று போவதால் படத்தின் வகை குறையாது. பழுதானால் மாற்று இல்லை என்பது மட்டுமே ஆபத்து. அந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டு உணவைத் தேர்ந்தார்கள். பாலைவனத்தின் வாசலில் அதுவே சரியான கணக்கு.

அகலக் கோணத்தின் எல்லை

மாற்ற முடியாத அந்த லென்ஸால் என்ன இழப்பு? தொலைவில் உள்ளது சிறுத்துப் போகும். மலைத்தொடர் படத்தில் ஒரு கோடாகிவிடும். ஆகவே ஆளுக்கு அருகே செல்ல வேண்டும். அக்காலத்து மிதிவண்டிப் படங்களில் சந்தைக் கூட்டமும், சத்திர வாசலில் சூழ்ந்து நிற்பவர்களும் நிறைந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம். கூட்டத்தை வரவழைத்தது மிதிவண்டி. கூட்டத்தைப் படத்தில் அடக்கியது லென்ஸ்.

உயரமான கட்டடங்கள் வேறு வகைச் சிக்கல். ஃபேனி புல்லக் வொர்க்மன், வில்லியம் ஹன்டர் வொர்க்மன் தம்பதியர் 1897இலிருந்து இலங்கை, இந்தியா, பர்மா, ஜாவா ஆகிய இடங்களில் பயணம் செய்தனர். இந்தியச் சமவெளியின் கோயில்களையும் மக்களையும் பற்றி அவர்கள் 1904இல் வெளியிட்ட படங்கள் நிறைந்த நூல், தலைப்பிலேயே 14,000 மைல் மிதிவண்டிப் பயணத்தைக் குறிப்பிடுகிறது. தென்னிந்தியக் கோபுரத்தை மிதிவண்டியில் வந்தவர் படமெடுப்பது எளிதன்று. மதுரை மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரம் ஏறக்குறைய 170 அடி உயரம். முதல் கோடாக்கைச் சாய்க்காமல் நேராகப் பிடித்து அதன் உச்சி வரை அடக்க வேண்டுமானால், கணக்குப்படி சுமார் 290 அடி பின்னால் போய் நிற்க வேண்டும். கோயிலைச் சுற்றிய தெருக்களில் அவ்வளவு இடைவெளி ஏது? பெட்டியை மேல்நோக்கிச் சாய்த்தால் கோபுரம் பின்னால் சரிவதுபோல் படம் விழும். இதற்குத் தீர்வாக, லென்ஸை மட்டும் மேலே உயர்த்தக்கூடிய பெரிய கேமரா அக்காலத்திலேயே இருந்தது. ஆனால் அதற்கு முக்காலி வேண்டும், சுமப்பதற்கு ஆளும் வேண்டும்.

எர்சுரூமில் இரண்டு வேலைகள்

ஆலனும் சாக்டில்பெனும் சென்றதற்கு எதிர்த் திசையில், 1892இல் பிட்ஸ்பர்க் நகரிலிருந்து ஃபிராங்க் லென்ஸ் புறப்பட்டார். (இவர் குடும்பப் பெயர் தமிழில் கேமரா லென்ஸைப் போலவே ஒலிப்பது தற்செயல்.) கணக்கர் வேலையை விட்டுவிட்டு, காற்றடைத்த டயர் பொருத்திய மிதிவண்டியில், 'அவுட்டிங்' இதழின் செய்தியாளராகச் சென்றவர். நல்ல புகைப்படக்காரர். ஜப்பான், சீனா, பர்மா, இந்தியா, பாரசீகம் கடந்து வந்தவர் 1894 மே மாதம் கிழக்குத் துருக்கியில், எர்சுரூமை அடையுமுன் காணாமற்போனார். வழியிலிருந்து எழுத்தையும் படங்களையும் அவ்வப்போது அனுப்பியிருந்ததால், அவர் காணாமற்போன பின்னும் அவருடைய பயணத்தொடர் இதழில் வந்துகொண்டிருந்தது. எடுத்த படத்தை உடன் வைத்திராமல் அனுப்பிவிடும் பழக்கத்தின் பயனை இதைவிடத் துயரமாகக் காட்டும் நிகழ்ச்சி இல்லை.

அவரைத் தேட 1895இல் அதே இதழ் அனுப்பியது சாக்டில்பெனை. ஃபிராங்க் லென்ஸ் கொல்லப்பட்டார் என்ற முடிவுக்கு அவர் வந்தார்; உடல் கிடைக்கவில்லை. அவர் எர்சுரூமில் இருந்தபோது, 1895 அக்டோபர் 30 அன்று அந்நகர ஆர்மீனியர்கள் படுகொலை செய்யப்பட்டனர். பிணங்கள் ஆர்மீனியக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவரப்பட்டு அடக்கம் செய்யப்படுவதைக் காணச் சென்ற சாக்டில்பென், ஆர்மீனியப் புகைப்படக்காரர் ஒருவரையும் உடன் அழைத்துச் சென்றார். தாம் கண்டதை லண்டன் 'டைம்ஸ்' இதழுக்குக் கடிதமாக எழுதினார். அங்கு எடுக்கப்பட்ட படங்கள் அப்படுகொலையின் சான்றுகளாக இன்றும் எடுத்துக்காட்டப்படுகின்றன.

ஆயிரக்கணக்கான படங்கள் தாமே எடுத்த ஒருவர், அன்று தொழில்முறைப் புகைப்படக்காரரை நாடினார் என்பது சிந்திக்க வைக்கிறது. நாட்குறிப்புக்கு உதவும் படம் வேறு, உலகம் மறுக்க முடியாத சாட்சியாக நிற்க வேண்டிய படம் வேறு. கொல்லப்பட்டவர்களின் இனத்தைச் சேர்ந்த அந்த மனிதர், அந்த நாளில் தம் கருவியுடன் வெளியே வந்ததற்குக் கொஞ்சமல்ல துணிவு வேண்டும்.

ஆலனும் சாக்டில்பெனும் எடுத்தவற்றில் சுமார் 400 நெகட்டிவ்கள் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் நூலகத்தில் உள்ளன. மற்ற பெரும்பகுதி இல்லை.

லென்ஸ் மாற்றக்கூடியதான பின்

1925இல் ஜெர்மனியின் லைக்கா விற்பனைக்கு வந்தது. சட்டைப்பையில் அடங்கும் உலோகக் கருவி, 36 படங்களுக்கான சினிமாச் சுருள், 50 மி.மீ. லென்ஸ். முதலில் லென்ஸ் நிலையாகவே இருந்தது. 1930இல் லென்ஸைக் கழற்றி மாற்றும் வகை வந்தபிறகு அகலக் கோணத்துக்கு 35 மி.மீ., தொலைவுக்கு 135 மி.மீ. எனப் பிரிந்தது. அதுவரை பயணிக்கு இல்லாத ஒரு கேள்வி அன்று பிறந்தது: எத்தனை லென்ஸ்? சாலையோரத்தில் லென்ஸைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் தூசி உள்ளே போகும் என்ற கவலையும் கூடவே பிறந்தது. 35 மி.மீ. கேமராவுக்கான முதல் ஜூம் லென்ஸ், 1959இல் ஃபோக்ட்லெண்டர் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த 36–82 மி.மீ. ஜூமார். கழற்றும் வேலையைக் குறைத்தது. ஆனால் லென்ஸ் மட்டுமே முக்கால் கிலோவுக்கு மேல்.

1962இல் ஜெர்மனியின் ஹோவெல்ஹோஃப் ஊரிலிருந்து புறப்பட்ட ஹைன்ஸ் ஸ்டூக்கே, ஐம்பது ஆண்டுகளில் மிதிவண்டியில் ஆறு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் சென்றவர். அவருடைய வண்டியே 25 கிலோ. எடையைப் பற்றிய வழக்கமான அறிவுரைகளை எல்லாம் அவர் பொய்யாக்கினார். தம் படங்கள் கொண்ட சிறு நூல்களை வழியெங்கும் விற்று, அந்தப் பணத்தில்தான் அடுத்த நாட்டுக்குப் போனார். ஆலனும் சாக்டில்பெனும் உணவுப் பைக்காகக் கேமராவை விற்றார்கள். ஸ்டூக்கேயின் உணவுப் பையை நிரப்பியது கேமரா.