அடக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடும் பிள்ளைகள் - ஜப்பான் பள்ளிக் கழிப்பறைகளின் கதை

ஜப்பான் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது புல்லட் ரயில், ரோபோ, பூகம்பம். அந்த வரிசையில் கழிப்பறையையும் தாராளமாகச் சேர்க்கலாம். பட்டனைத் தட்டினால் வெந்நீர் பீச்சிக் கழுவிவிடும். குளிர்காலத்தில் உட்காரும் இடம் இதமாகச் சூடாக இருக்கும். இப்படிப்பட்ட கழிப்பறை இன்று அங்கே பத்தில் எட்டு வீடுகளில் இருக்கிறது.

அதே நாட்டில்தான், காலையில் பள்ளிக்குப் போய் மாலை வரை கழிப்பறைப் பக்கமே எட்டிப் பார்க்காமல், வயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மணி அடித்ததும் வீட்டைப் பார்த்து ஓடும் ஆறு வயதுக் குழந்தைகளும் பல தலைமுறைகளாக இருந்து வந்திருக்கிறார்கள்!

இது குழந்தையின் பிடிவாதமா? பெற்றோரின் வளர்ப்பா? அல்லது பள்ளியின் குற்றமா? ஜப்பானியர்கள் இந்தக் கேள்விக்கு விடை தேடிக்கொண்டது ஒரு சுவாரசியமான வரலாறு. உலகத்தில் எங்கே இருக்கும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது.

குழிக் கழிப்பறைக் காலம்

எடோ காலத்தில் (1603-1868) மனிதக் கழிவு ஜப்பானில் வீசி எறியும் பொருள் அல்ல, விலைபோகும் பொருள். நகரத்தைச் சுற்றியிருந்த விவசாயிகள் காய்கறியோ காசோ கொடுத்து அதை வயலுக்கு எருவாக எடுத்துப் போனார்கள். அதனால் குழி வெட்டிச் சேர்த்துவைத்து, பிறகு அள்ளும் முறையே நாடு முழுவதும் நிலைத்தது.

1872-ல் மெய்ஜி அரசு புதிய கல்வி முறையைக் கொண்டுவந்தது. ஊர் ஊராகத் தொடக்கப் பள்ளிகள் எழுந்தன. அந்தப் பள்ளிகளுக்கும் குழிக் கழிப்பறைதான். நாற்றம் வகுப்புக்கு வரக்கூடாது என்று அதைத் தனிக் கொட்டகையிலோ, நீண்ட மரத் தாழ்வாரத்தின் கடைசியிலோ வைத்தார்கள். பெரியவர்களுக்கு அது நியாயமான ஏற்பாடாகத் தெரிந்தது. ஆனால் ஒரு சின்னக் குழந்தையின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள். தோழர்களை விட்டுத் தனியாக அவ்வளவு தூரம் நடக்க வேண்டும். உள்ளே வெளிச்சம் கிடையாது. காலடியில் ஒரு கறுத்த ஓட்டை. அதன் ஆழம் தெரியாது. கால் தவறினால்...?

பயம் இருக்கும் இடத்தில் கதை பிறப்பது இயற்கை. குழிக்குள்ளிருந்து ஒரு கை நீளும் என்றார்கள். சிவப்புக் காகிதம் வேண்டுமா, நீலக் காகிதம் வேண்டுமா என்று ஒரு குரல் கேட்கும், எதைச் சொன்னாலும் ஆபத்துதான் என்றார்கள். இந்த வகைக் கதைகள் இரண்டாம் உலகப் போருக்கு முன்பே பள்ளிப் பிள்ளைகளிடம் உலவின.

வீடு மாறியது, பள்ளி மாறவில்லை

போர் முடிந்து 1947-ல் கட்டாயக் கல்வி ஒன்பது ஆண்டுகளாக ஆனது. அதே ஆண்டுகளில் குழந்தைப் பிறப்பும் பெருகியது. அவசர அவசரமாகப் பள்ளிகள் கட்டப்பட்டன. பிறகு மரக் கட்டடங்களின் இடத்தில் கான்கிரீட் கட்டடங்கள் வந்தன. வெயில் விழும் தெற்குப் பக்கம் வகுப்பறைகளுக்குப் போனது. குளிரும் இருட்டுமான வடக்குப் பக்கம் கழிப்பறைக்கு மிஞ்சியது.

பாதாளச் சாக்கடையும் மெதுவாகத்தான் வந்தது. 1970-ல் அது ஜப்பான் மக்கள்தொகையில் சுமார் 16 சதவீதம் பேரைத்தான் எட்டியிருந்தது. தண்ணீர் ஊற்றும் வசதி வந்த பள்ளிகளிலும் வைத்தது குந்தி உட்காரும் பீங்கான்தான். அப்போது அதில் தவறு ஒன்றும் இல்லை. வீட்டிலும் அதுவேதான் இருந்தது. உடம்பு எதையும் தொடாது என்பதால் பலர் சேர்ந்து பயன்படுத்தும் இடத்துக்கு அதுவே சுத்தம் என்றும் கருதினார்கள்.

சிக்கல் பிறகுதான் தொடங்கியது. அரசு கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகளில் 1960 வாக்கில் உட்காரும் வகைக் கழிப்பறை நுழைந்தது. 1970-களின் பிற்பகுதியில் விற்பனையிலும் அது குந்தும் வகையை முந்தியது. 1980-ல் டோட்டோ நிறுவனம் வெந்நீரில் கழுவிவிடும் 'வாஷ்லெட்'டை விற்கத் தொடங்கியது. வீட்டுக் கழிப்பறை வெளிச்சமாக, சூடாக, வாசமாக மாறியது. பள்ளிக் கழிப்பறை மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

விளைவு? வீட்டில் ஒருநாளும் குந்தி உட்கார்ந்திராத குழந்தை ஆறு வயதில் பள்ளிக்குப் போகிறது. அங்கே தரையில் பதித்த நீளமான பீங்கான். எந்தப் பக்கம் திரும்பி உட்காருவது என்றே அதற்குத் தெரியாது. உட்கார்ந்தால் பின்னால் சாய்கிறது. துணி நனைகிறது. ஒருமுறை இப்படி ஆனால் போதும், அடுத்த முறை அந்தக் குழந்தை அந்தக் கதவைத் திறக்காது. பள்ளியில் சேருமுன் குந்தி உட்காரப் பழக்கிவிடுங்கள் என்று பெற்றோருக்குச் சொல்லும் வழக்கமே உண்டானது.

ஹனாகோ வந்தாள்

1980-களில் ஜப்பான் முழுக்க ஒரு பேய் பிரபலமானது. பெயர் ஹனாகோ. குட்டை முடி, சிவப்புப் பாவாடை. மூன்றாவது மாடிப் பெண்கள் கழிப்பறையில் மூன்றாவது கதவை மூன்று முறை தட்டி அவள் பெயரைக் கூப்பிட்டால் உள்ளிருந்து பதில் வரும் என்பது கதை. ஊருக்கு ஊர் சின்னச் சின்ன மாற்றங்கள் இருக்கும்.

பள்ளி ஆசிரியராகவும் நாட்டார் கதை ஆய்வாளராகவும் இருந்த தோரு ட்சுனெமிட்சு, இப்படிப்பட்ட பள்ளிப் பேய்க் கதைகளைத் தொகுத்து 1990-ல் புத்தகமாக வெளியிட்டார். 1995-ல் ஹனாகோவின் பெயரிலேயே திரைப்படம் வந்தது. பெரியவர்களுக்கு இது வேடிக்கை. ஆனால் பேய் வகுப்பறையில் குடியேறாமல் கழிப்பறையில் ஏன் குடியேறியது? பிள்ளைகள் ஏற்கனவே எந்த இடத்துக்குப் பயந்தார்களோ அங்கேதான் அது வந்தது. இருட்டையும் நாற்றத்தையும் தனிமையையும் சரிசெய்யாமல் "பேய் எல்லாம் கிடையாது" என்று மட்டும் சொல்லிப் பயனில்லை.

ஆண் பிள்ளைகளின் வெட்கம்

பையன்களுக்கு வேறொரு தொல்லை. அவர்கள் கழிப்பறையில் சுவரோரம் வரிசையாகச் சிறுநீர்த் தொட்டிகள். தனியாகக் கதவு வைத்த அறைகள் சில. கதவுள்ள அறைக்குள் ஒருவன் போனாலே அவன் 'ரெண்டுக்குப்' போகிறான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். பிறகென்ன... கதவைத் தட்டுவது, மேலே ஏறி எட்டிப் பார்ப்பது, பட்டப் பெயர் வைப்பது! அந்தக் கேலிக்குப் பயந்தே பல பையன்கள் அடக்கிக்கொண்டார்கள். பெண் பிள்ளைகளுக்கு எல்லாமே கதவுள்ள அறைகள் என்பதால் இந்தக் குறிப்பிட்ட தொல்லை குறைவு. ஆனால் சத்தம் வெளியே கேட்குமோ என்ற கூச்சம் அவர்களுக்கு இருந்தது. பெரிய பெண்களுக்கே அந்தக் கூச்சம் இருந்ததால்தான் தண்ணீர் ஓடும் சத்தத்தை எழுப்பும் 'ஓட்டோஹிமே' என்ற கருவி 1988-ல் விற்பனைக்கு வந்தது.

அடக்கினால் என்ன ஆகும்?

இது வெறும் வெட்கக் கதையாக முடிந்தால் பரவாயில்லை. உடம்பு அப்படி விடுவதில்லை. மலத்தை அடக்க அடக்க, குடல் அதிலுள்ள தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மலம் கல் போல இறுகும். அது வெளியேறும்போது வலிக்கும். வலித்ததால் குழந்தை அடுத்த முறை இன்னும் பயந்து அடக்கும். மீண்டும் இறுகும். இந்தச் சுழல் நீடித்தால் மலக்குடல் விரிந்து, 'வருகிறது' என்ற உணர்வே மங்கிவிடும். அப்போது குழந்தைக்கே தெரியாமல் உள்ளாடையில் கசியும். பெற்றோர் அதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்து அடிப்பதும் உண்டு. அது பெரிய கொடுமை. சிறுநீரை அடக்கும் பிள்ளைகளுக்கு நோய்த்தொற்று வரும் வாய்ப்பு கூடும். கழிப்பறைக்குப் போகக்கூடாது என்பதற்காகவே தண்ணீர் குடிப்பதைக் குறைத்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

ஏன் இத்தனை தாமதம்?

பணக்கார நாடாயிற்றே, பள்ளிக் கழிப்பறையை மாற்ற என்ன தடை? முதல் தடை, பொறுப்பு. அரசுத் தொடக்கப் பள்ளிகளைப் பராமரிப்பது அந்தந்த ஊராட்சி, நகராட்சிகள். அவற்றின் பட்டியலில் கழிப்பறை எப்போதும் கடைசி. இரண்டாவது, பூகம்பம். 1995 ஜனவரி 17 அன்று கோபே நகரை அழித்த பூகம்பத்துக்குப் பிறகு, பள்ளிக் கட்டடங்கள் இடியாமல் நிற்க வேண்டும் என்பதே முதல் கவலை ஆனது. 2002-ல் 44.5 சதவீதப் பள்ளிக் கட்டடங்களே பூகம்பத்தைத் தாங்கும் நிலையில் இருந்தன. 2015-ல் அது 95.6 சதவீதம் ஆனது. பணம் அந்த வேலைக்குப் போனது. அது நியாயம்தான். ஆனால் அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் எத்தனை குழந்தைகள் அடக்கிக்கொண்டு படித்திருப்பார்கள்!

வேடிக்கை என்னவென்றால், கழிப்பறைக்கு விடிவு வந்ததும் பூகம்பத்தால்தான். பேரழிவு வந்தால் ஜப்பானில் பள்ளிகள்தான் அகதி முகாம். 1995-லும், 2011 மார்ச் 11 சுனாமியின்போதும், 2016 குமமோட்டோ பூகம்பத்தின்போதும் ஆயிரக்கணக்கான முதியவர்கள் பள்ளிகளில் தங்கினார்கள். முழங்கால் வலியோடு குந்தி உட்கார முடியாமல் அவர்கள் பட்ட பாட்டை எல்லோரும் பார்த்தார்கள். குழந்தைகள் பல ஆண்டுகளாகச் சொல்லாமல் பட்ட கஷ்டம், தாத்தா பாட்டிகள் பட்டபோதுதான் ஊருக்குத் தெரிந்தது.

ஐந்து 'க'

1996-ல் கழிப்பறைத் துறை நிறுவனங்கள் சில சேர்ந்து 'பள்ளிக் கழிப்பறை ஆய்வுக் குழு' ஒன்றைத் தொடங்கின. அந்தக் காலப் பள்ளிக் கழிப்பறையை ஜப்பானியர்கள் ஐந்து 'க' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். குசாய் (நாற்றம்), கிதனாய் (அழுக்கு), குராய் (இருட்டு), கோவாய் (பயம்), கொவாரெதெ இரு (உடைந்திருப்பது). ஐந்தில் நான்கு, கட்டடத்தின் குறைகள். பயம் என்ற ஒன்றுதான் குழந்தையின் மனதில் இருப்பது. அதுவும் மற்ற நான்கின் விளைவு!

நாற்றத்துக்குக் காரணம் தேடியபோது, ஓடு பதித்த தரையைத் தண்ணீர் ஊற்றிக் கழுவி ஈரமாகவே விடுவது கிருமி வளர இடம் தருகிறது என்று தெரிந்தது. சிறுநீர்க் குழாய்களுக்குள் படியும் உப்புக் கட்டிகளும் நாற்றம் தந்தன. தரையை உலர்ந்த வகைக்கு மாற்றினார்கள். விளக்கு கூட்டினார்கள். சுவருக்கு வண்ணம் அடித்தார்கள்.

2016-ல் கல்வி அமைச்சகம் முதல்முறையாக நாடு முழுவதும் எண்ணிப் பார்த்தது. அரசுத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் இருந்த சுமார் 14 லட்சம் கழிப்பறைகளில் உட்காரும் வகை 43.3 சதவீதம் மட்டுமே! எண் வெளியானதும் வேலை வேகம் பிடித்தது. 2020-ல் அது 57 சதவீதம், 2023-ல் 68.3 சதவீதம்.

கட்டடம் மட்டும் போதாது

பீங்கானை மாற்றினால் கேலி நின்றுவிடுமா? நிற்காது. அதனால் இன்னொரு பக்கமும் வேலை நடந்தது. ஜப்பான் கழிப்பறை ஆய்வகம் என்ற தொண்டு நிறுவனம் தொடக்கப் பள்ளிகளுக்குப் போய் மலத்தைப் பற்றியே வகுப்பு எடுக்கிறது. சாப்பாடு எப்படி மலமாகிறது, எப்படி இருந்தால் உடம்பு நலம் என்று படம் காட்டிச் சொல்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து சிரித்துப் பேசிவிட்ட விஷயத்தை வைத்து ஒருவனை மட்டும் கேலி செய்வது கடினம். 2017-ல் எல்லா வாக்கியங்களிலும் 'ஆய்' வருமாறு எழுதிய ஒரு கான்ஜி எழுத்துப் பயிற்சிப் புத்தகம் வெளியாகி, சில மாதங்களிலேயே பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. சில பள்ளிகளில் பையன்களுக்கும் எல்லாமே கதவுள்ள அறைகளாக ஆக்கிவிட்டார்கள். யார் எதற்குப் போகிறார் என்றே தெரியாது.

இந்தப் பிரச்சினை ஜப்பானுக்கு மட்டும் சொந்தமில்லை. சுவீடனில் 6 முதல் 16 வயதுப் பிள்ளைகளிடம் நடந்து, 2005-ல் வெளியான ஆய்வில், 13 வயதுக்கு மேற்பட்டவர்களில் 80 சதவீதம் பேர் பள்ளியில் ஒருபோதும் மலம் கழிப்பதில்லை என்று சொன்னார்கள். அங்கே குந்தும் பீங்கானும் இல்லை, ஹனாகோவும் இல்லை. நாற்றமும் கூச்சமும் இருந்தன.

வரலாறு சொல்லும் வழி

ஒரு குழந்தை பள்ளிக் கழிப்பறைக்குப் போக மறுத்தால் முதலில் கேட்க வேண்டியது "ஏன் போகமாட்டேன் என்கிறாய்?" என்பதல்ல, "அங்கே என்ன இருக்கிறது?" என்பதுதான். நாற்றமா, இருட்டா, தாழ்ப்பாள் இல்லையா, யாராவது கேலி செய்கிறார்களா? ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. கூட்டம் இல்லாத நேரத்தில் பெற்றோரோ ஆசிரியரோ குழந்தையைக் கூட்டிப்போய்க் காட்டலாம். தாழ்ப்பாளைப் போட்டுத் திறக்கப் பழக்கலாம். காலைச் சாப்பாடு முடிந்ததும் குடல் தானாக அசையும். அந்த நேரத்தில் வீட்டிலேயே பத்து நிமிடம் நிதானமாக உட்காரவைக்கலாம். பாட நடுவில் கேட்டாலும் ஆசிரியர் அனுப்ப வேண்டும். வலி, கசிவு என்று வந்துவிட்டால் திட்டாமல் டாக்டரிடம் போக வேண்டும்.

வகுப்பறைக்குத் தெற்கு வெயிலையும் கழிப்பறைக்கு வடக்கு இருட்டையும் ஒதுக்கியவர்கள் பெரியவர்கள். அதைக் கட்டடத்தின் குறை என்று ஒப்புக்கொள்ள அவர்களுக்கு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதுவரை அந்தக் குறையைத் தங்கள் வயிற்றில் சுமந்தவர்கள் ஆறு வயதுப் பிள்ளைகள்.