கூடாரம் அடிக்க ஓரிடம்

மோட்டார் வண்டி பெருகியதும் அமெரிக்கக் குடும்பங்கள் கூடாரத்தையும் சமையற் பாத்திரங்களையும் ஏற்றிக்கொண்டு மலையும் வனமும் காணப் புறப்பட்டன. 1930ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதியில், வண்டியின் பின்னே ஒரு சிறு வீட்டையே பூட்டி இழுத்துச் செல்வோரும் பலராயினர். நிழல், நீர், சமதரை ஆகியவற்றை நோக்கியே அவர்கள் தங்குமிடத்தைத் தெரிந்தெடுத்தனர். கறுப்பினக் குடும்பத்தவர்க்கோ முதற் கேள்வி வேறு. அங்கே இறங்க விடுவார்களா என்பதே அது.

நியூ யோர்க் நகரின் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த தபாற்காரரான விக்டர் ஹியூகோ கிறீன், அக்கேள்விக்கு விடையாக 1936இல் ஒரு சிறு கைந்நூலை வெளியிடத் தொடங்கினார். கறுப்பினத்தவரை ஏற்கும் விடுதிகள், உணவகங்கள், வண்டி திருத்துமிடங்கள் ஆகியவற்றின் முகவரிகளே அதன் உள்ளடக்கம்.

தேசியப் பூங்காக்கள் நாட்டு மக்கள் அனைவரதும் பொதுவுடைமை. ஆயினும் வேர்ஜினியா மாநிலத்துச் செனன்டோ பூங்காவில் அம்மாநிலத்து வழக்கமே மேலோங்கிற்று. 1939இல் லூவிஸ் மலை கறுப்பினத்தவர்க்கென ஒதுக்கப்பட்டது. பெயர்ப்பலகையிலும் அவ்வாறே பொறித்தனர். தனித்தனி ஆயினும் சமம் என்பது அக்காலக் கோட்பாடு. சமமாயின் பலகை எதற்கு? உள்நாட்டு அலுவல் அமைச்சின் ஆலோசகரும் கறுப்பினத்தவருமான வில்லியம் றென்ற் இப்பிரிவினையை விடாது எதிர்த்து வாதாடினார்.

பூங்கா முழுவதிலும் பிரிவினை ஒழிய 1950 ஆயிற்று. தனியார் விடுதிகளின் கதவுகளைத் திறக்க 1964ஆம் ஆண்டின் குடிசார் உரிமைச் சட்டம் வேண்டியிருந்தது. அதனைக் காணக் கிறீன் இல்லை. அவர் 1960இல் காலமானார். அவரது கைந்நூலின் இறுதிப் பதிப்பு 1966-67க்கு உரியது. லூவிஸ் மலையில் இன்றும் குடும்பங்கள் கூடாரம் அடிக்கின்றன. அப்பூங்காவின் தங்குதிடல்களுள் அதுவே மிகச் சிறியது.