கொழும்பில் அரச அணிவகுப்பு மரியாதை

நாட்டுத் தலைவருக்கும் அவரது வெளிநாட்டு விருந்தினருக்கும் முப்படையினர் அளிக்கும் அணிவகுப்பு மரியாதை கொழும்பில் பெரும்பாலும் காலிமுகத்திடல், சுதந்திர சதுக்கம், கோட்டை ஜனாதிபதி மாளிகை ஆகிய மூன்று இடங்களில் நடந்துவந்துள்ளது. பீரங்கிச் சூட்டுக்கு மறைப்பின்றி இருக்க ஒல்லாந்தர் வெட்டவெளியாக விட்ட நிலமே காலிமுகத்திடல் என்பர். அதன் கடலோர நடைபாதையைத் தேசாதிபதி ஹென்றி வாட் 1859இல் முடித்தார். கொழும்பின் பெண்களும் பிள்ளைகளும் உலாவ அதைப் பேணுமாறு பின்வருவோரைக் கேட்கும் கல்லொன்றையும் அங்கே நாட்டினார்.

1948 பெப்ரவரி 10இல், பின்னர் சுதந்திர சதுக்கமான டொரிங்டன் சதுக்கத்தில், பிரித்தானிய இளவரசரான குளோஸ்டர் கோமகன் சுதந்திர இலங்கையின் நாடாளுமன்றத்தைத் திறந்துவைத்தார். இராணுவம் 1949இல் அமைந்தது. 1955இல் அதன் தளபதியான முதல் இலங்கையர் அன்ரன் முத்துக்குமாரு என்ற தமிழர். 1978 அரசியலமைப்பின்படி ஜனாதிபதியே முப்படைகளின் தலைவர். மரியாதையை அவர் ஏற்பது அந்த உரிமையில்தான்.

சுதந்திர தினத்தில் கொடியேற்றம், தேசிய கீதம், உயிர்நீத்தோருக்கு இரு நிமிட மௌனம் ஆகியவற்றுடன் அணிநடையும் இடம்பெறும். மேடையைக் கடக்கையில் அணியினர் தலைவர் பக்கம் முகம் திருப்புவர். மேடையை ஒட்டிய ஓரத்து வரிசை மட்டும் நேரே பார்த்தபடி நடக்கும். அணி கோணாமல் போவது அவ்வரிசையால்தான். கலங்கரை விளக்கத்தருகே கடற்படை 25 மரியாதை வேட்டுகளைத் தீர்க்கும்.

மிகுதியாகப் பதிவான நிகழ்வு 1987 ஜூலை 30இல் நடந்தது. இந்திய–இலங்கை ஒப்பந்தத்தில் முதல்நாள் கையொப்பமிட்ட இந்தியப் பிரதமர் ராஜீவ் காந்தி, ஜனாதிபதி மாளிகையில் கடற்படை மரியாதை அணியைப் பார்வையிட்டார். அவர் கடந்ததும் வரிசையில் நின்ற விஜித ரோகண என்ற சிப்பாய் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து அதன் அடிப்பாகத்தால் பின்னாலிருந்து ஓங்கினார். ராஜீவ் சட்டெனக் குனிய, தலைக்கு வந்த அடி தோளில் விழுந்தது. அந்தக் கணத்தின் ஒளிப்படம் உலகெங்கும் வெளியாயிற்று. இராணுவ நீதிமன்றம் ஆறு ஆண்டுச் சிறை விதித்தது; 1990இல் ஜனாதிபதி பிரேமதாச மன்னிப்பளித்தார். செயல் ஒருவருடையதா, பின்னணியில் வேறு கைகள் இருந்தனவா என்பதில் எழுதியோர் உடன்படவில்லை. மரியாதை அணியின் துப்பாக்கிகளில் குண்டு இருப்பதில்லை. ஆனால் விருந்தினர் ஆயுதமேந்தியவரின் கைக்கெட்டும் தூரத்தில் நடக்க வேண்டும். அவர் தாக்கமாட்டார் என்ற நம்பிக்கை இல்லையேல் இச்சடங்குக்குப் பொருளே இல்லை. அந்த நம்பிக்கை வேறு நாடுகளிலும் பொய்த்ததுண்டு: எகிப்தின் ஜனாதிபதி அன்வர் சதாத் 1981இல் கெய்ரோ அணிவகுப்பிலேயே தம் படையினரால் கொல்லப்பட்டார்.

கண்டியில் நடக்கவிருந்த 1998ஆம் ஆண்டுச் சுதந்திரப் பொன்விழா, தலதா மாளிகைக் குண்டுவெடிப்பால் ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டைக்கு மாறியது. 2009 ஜூன் 3இல் காலிமுகத்திடலில் உள்நாட்டுப் போர்வெற்றி அணிவகுப்பு நடந்தது. தமிழர் அப்போரின் இறுதியில் முள்ளிவாய்க்காலில் இறந்தோருக்காகத் துக்கம் காத்த நாட்கள் அவை. அவ்வணிவகுப்பைப் பற்றிய மதிப்பீடு இன்றும் ஒருமித்ததன்று. 2010இல் கண்டியிலும் 2013இல் திருகோணமலையிலும் சுதந்திர தின விழா நடந்தது.

2016இல் காலிமுகத்திடல் விழாவில் தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டது; 1949க்குப் பின் அதுவே முதன்முறை எனப்பட்டது. 2020இல் தமிழில் பாடுவது கைவிடப்பட்டது. 2025இல் சுதந்திர சதுக்கத்தில் நடந்த 77ஆவது ஆண்டு விழாவில் அணிவகுத்த படையினரின் தொகை குறைக்கப்பட்டது. கவச வாகனங்கள் இடம்பெறவில்லை.