வசம்புப் பொட்டலமும் உறைகுளிரும்

தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை ஆகியவற்றை இடித்து, கர்ப்பூரம் சேர்த்துத் துணியில் கட்டி, சுவடிகளுக்கு நடுவே வைப்பது பழைய வழக்கம். அமெரிக்காவில் ஏல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கி நூலகம் 1977இல் வேறு வழிக்குப் போனது. அரிய நூல்களை வண்டு துளைப்பது தெரிந்ததும், முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களை பிளாஸ்டிக் உறையிலிட்டு, மைனஸ் 36 டிகிரி செல்சியஸ் குளிரில் மூன்று நாள் வைத்தார்கள். அங்கே அகப்பட்டது கேஸ்ட்ரல்லஸ் என்னும் பேரினத்து வண்டு. நம் ஓலைகளைத் துளைப்பதும் அதே பேரினத்தைச் சேர்ந்ததுதான். எதிரி ஒன்று என்பதால் இரண்டு முறைகளையும் தாராளமாக ஒப்பிடலாம்.

வண்டைவிட அதன் புழுவே பெருந்தீனிக்காரன். ஏட்டுக்குள்ளேயே தின்று வளர்ந்து, வண்டான பிறகு துளைபோட்டு வெளியேறும். நாம் துளையைப் பார்க்கும்போது குற்றவாளி போயிருப்பான். அவன் உடன்பிறப்புகள் உள்ளே இருக்கலாம். வசம்பின் நெடி வெளியிலிருந்து வரும் பூச்சியைத் தயங்க வைக்கும். உள்ளிருக்கும் புழுவை அது தொடுவதில்லை. மணம் போனபின் பொட்டலம் வெறும் துணிதான். இதை மறந்து, பொட்டலம் இருக்கிறதே என்று கட்டை அவிழ்த்துப் பார்க்காமல் விடுவதுதான் பெரிய கேடு.

குளிர் முட்டை, புழு, வண்டு மூன்றையும் கொல்லும். ஆனால் சட்டென்று குளிர வேண்டும். மெல்லக் குளிர்ந்தால் பூச்சி உடலைப் பழக்கிக்கொண்டு தப்பிவிடும். எத்திலீன் ஆக்சைடு போன்ற நச்சுப்புகை ஊழியருக்குப் புற்றுநோய் அபாயம் தருவது. குளிரில் அந்தப் பயம் இல்லை. குறையும் உண்டு: காவல் இல்லை. வெளியே எடுத்த நூலில் மறுநாளே புதுப்பூச்சி ஏறலாம். கண்ணாடித்தகட்டு நிழற்படங்களை உறைய வைக்கவே கூடாது.

ஓலைக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவுவது தனிக் கதை. பூச்சியை விரட்டுவதோடு ஏட்டின் நெகிழ்வையும் அது காக்கிறது. குளிரால் அது முடியாது.

என் கணக்கில், பூச்சி விழுந்த நூலுக்குக் குளிர்தான் வைத்தியம், பொட்டலம் அதன் பின்னரே. பெரிய செலவும் இல்லை. மைனஸ் 20 டிகிரிக்கு இறங்கும் சாதாரண டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் போதும். காற்றுப் புகாமல் உறையிட்டு வையுங்கள். எடுத்தபின் ஒரு நாள் முழுக்கப் பிரிக்காதீர்கள். பிரித்தால் தாளில் நீர் கோக்கும். நன்கொடையாக வரும் பழம்புத்தகக் கட்டுகளை இப்படிச் செய்த பிறகே அலமாரியில் ஏற்றுங்கள்.