இருட்டறையில் அடுக்கிய வானம்

மங்கலான நெபுலாவைப் படமெடுக்க விரும்புபவர் இன்று பல படங்களை எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார். இந்த வித்தை கணினிக்கு வருமுன்பே, ஆஸ்திரேலியாவில் ஒரு வேதியியலாளரின் இருட்டறையில் நன்றாக வளர்ந்திருந்தது.

அவர் பெயர் டேவிட் மாலின். இங்கிலாந்தில் வேதிப்பொருள் நிறுவனம் ஒன்றில் நுண்ணோக்கிப் படங்களோடு பழகியவர். 1975-இல் ஆங்கிலோ-ஆஸ்திரேலிய வானாய்வகத்தில் புகைப்பட வல்லுநராகச் சேர்ந்தார். சைடிங் ஸ்பிரிங் மலையில் 3.9 மீட்டர் தொலைநோக்கியும், அகன்ற வானத்தை ஒரே கண்ணாடித் தகட்டில் பிடிக்கும் பிரிட்டனின் ஷ்மிட் தொலைநோக்கியும் இருந்தன. கருவிகளுக்குக் குறைவில்லை. ஆனால் தகட்டை நெடுநேரம் திறந்து வைத்தால் வானத்தின் இயல்பான ஒளிர்வே அதைக் கறுப்பாக்கிவிடும். அதற்குமேல் காத்திருந்து பயனில்லை.

மாலின் தகட்டுக்குள்ளே பார்த்தார். மங்கலான ஒளி பதித்த வெள்ளித் துகள்கள் தகட்டின் ஒளியுணர் பூச்சின் மேற்பரப்பில் நிற்கின்றன. ஒளி படாமலே வேதிவினையால் எழும் கறையின் துகள்களோ பூச்சின் ஆழம் முழுதும் பரவியிருக்கின்றன. அதனால் பரவல் ஒளியில், மேற்பரப்போடு ஒட்டவைத்து, கடும் கான்ட்ராஸ்ட் பிலிமில் நகலெடுத்தார். மேலே இருந்தவை மட்டும் தெளிவாக விழுந்தன. பூச்சின் ஆழத்தை ஒரு வானியல் கருவியாக்கிய இந்த யோசனைதான் எனக்கு முழுக்கதையிலும் மிகப் பிடித்தது. இந்த முறையில் 1979-இல் எம்89 விண்மீன்திரளைச் சுற்றி அதுவரை யாரும் பார்க்காத மெல்லிய ஒளியுறை தெரிந்தது.

அடுத்த படி, ஒரே வானப்பகுதியின் பல தகடுகளை இப்படி நகலெடுத்து, விண்மீன்கள் பொருந்தும்படி ஒரே பிலிமில் ஒன்றன்பின் ஒன்றாகப் பதிப்பது. கன்னி விண்மீன்திரள் கொத்துப் பகுதியை இப்படித் துருவியபோது, 1986-இல் மங்கிய ராட்சத விண்மீன்திரள் ஒன்று அகப்பட்டது. அதற்கு மாலின் 1 என்றே பெயர்.

தொண்ணூறுகளில் ஷ்மிட் தொலைநோக்கி கோடாக்கின் டெக்னிக்கல் பான் பிலிமுக்கு மாறியது. எடின்பரோவின் சூப்பர்காஸ்மாஸ் ஸ்கேனர் அந்தப் பிலிம்களை எண்களாக்க, கூட்டும் வேலை கணினியின் கைக்கு வந்தது. அடிப்படைக் கணக்கு மாறவில்லை. விண்மீன் எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் இருக்கும், பிலிமின் துகள்கள் படத்துக்குப் படம் இடம் மாறும். சராசரி எடுத்தால் துகள் இரைச்சல் அடங்கும்.

பிலிமை விடாத ஆர்வலர்கள் இன்றும் நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து இப்படித்தான் அடுக்குகிறார்கள். நான்கு நெகட்டிவ்கள் இரைச்சலைப் பாதியாக்கும். அதையும் பாதியாக்க 16 வேண்டும்.